சந்தனமாரியின் ஒரு பக்கம்

"ஒத்த வரி அம்மாவுக்கு மேடையில எதுக்குங்க நாற்காலி?"

கதவுக்கு வெளியே நின்ற நஸ்ரினின் காதில் இது விழுந்தது. 'புத்தாக்கமும் பொதுக்கொள்கையும்' மாநாட்டில் பேச்சாளர்களை அறிமுகம் செய்யும் தற்காலிக வேலை அவளுக்கு. சொன்னவர் மாநாட்டுத் தலைவர் டாக்டர் வைகுந்தராமன். அவருடைய அறிமுகம் முழுதாக ஒரு பக்கம்: நீர்க் கொள்கை ஆலோசகர், பதினோரு குழுக்களில் உறுப்பினர், இன்னும் என்னென்னவோ. பேச வந்திருந்த இன்னொருவரான சந்தனமாரிக்கு ஒரே வரிதான்: 'குடிநீர் வால்வு திறப்பவர்.'

நஸ்ரினைக் கண்டதும் அவர், "ஒரு பக்கம் தேறாதவங்க மேடை ஏற வேண்டாம்மா. அதுக்காக இல்லாததை எழுதிடாதே," என்றார்.

"உள்ளதை மட்டும் எழுதறேன் சார்."

அருகில் நின்று இதைக் கேட்ட சந்தனமாரி, தான் பேச எழுதிவந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். "விடு தாயி, நான் கிளம்புறேன்."

"இருங்கக்கா. எந்தெந்தத் தெருவுக்கு எப்போ தண்ணி விடுறீங்க? மணியோட சொல்லுங்க."

பத்து நிமிடத்தில் பக்கம் நிறைந்தது. நஸ்ரின் மேடையேறி வாசித்தாள்.

"ஐந்து மணி, செக்கடித் தெரு. ஐந்தே கால், தையல்காரர் சந்து..."

"அட, எங்க சந்து!" என்றார் மைக்செட்காரர். அரங்கம் சிரித்தது. பிறகு தெருவுக்குத் தெரு ஒரு கை உயர்ந்தது.

"ஆறரை மணி, அல்லிநகர் மூன்றாம் தெரு. கடைசி வீட்டுக்காக ஐந்து நிமிடம் கூடுதல். அங்கே படுத்த படுக்கையாக ஒரு பெரியம்மா இருக்கிறார்."

அது வைகுந்தராமனின் வீடு. படுத்திருப்பது அவருடைய தாயார்.

வைகுந்தராமன் எழுந்து, மேடை நடுவிலிருந்த தன் நாற்காலியைச் சந்தனமாரிக்கு இழுத்துப் போட்டுவிட்டு, ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.