ராசாவுக்குப் பரிமாறின நெருப்பு

முன்னொரு காலத்துல கருவேலங்கோட்டைய கொழுந்துப்பாண்டின்னு ஒரு ராசா ஆண்டாரு. ஆண்டாருன்னா சிம்மாசனத்துல உக்காந்து இல்ல, அதைச் சுத்திச் சுத்தி நடந்து. அவருக்குக் கால் நிக்காது, வாய் நிக்காது, எடுத்த முடிவும் நிக்காது. மூணு வருசமா அவருக்கு ஒரே கொறை. மத்தியானச் சாப்பாட்டுல ரசம் பச்சத்தண்ணியா வந்துச்சு.

"சமையல்காரனை மாத்து!"ம்பாரு. மாத்துவாங்க. பழையவனுக்கு மொட்டையடிச்சு, கழுதைமேல ஏத்தி, எல்லைக்கு அந்தப்பக்கம் தள்ளிடுவாங்க. புதுசா வந்தவன் ரசமும் சில்லுன்னுதான் வரும். இப்படியே ஆறு மொட்டை போயாச்சு.

ஏழாவது ஆளு ஆண்டியப்பன். அவன் பொண்டாட்டி காத்தாயி அதே சமையல்கட்டுக்கு விறகு சுமக்கிறவ. அன்னிக்கு அரண்மனை முற்றத்துல புருசனை உக்கார வச்சு நாவிதர் கத்தி தீட்டறதைப் பாத்தா. அவளுக்கு இருப்புக் கொள்ளல. சும்மாவே ஒரு எடத்துல நிக்காத பொம்பளை. தலைச்சுமையைத் தொப்புன்னு போட்டுட்டு நேரா சபைக்குள்ள நுழைஞ்சுட்டா.

"ராசா, என் புருசன் கொதிக்கக் கொதிக்கத்தான் ரசத்தை எறக்குறாரு. என் கண்ணால பாக்குறேன்."

அரண்மனைச் சாப்பாட்டை மேற்பார்வை பாக்குற விசாரணைக்காரரு பெத்தபெருமாள். யாராவது ராசாகிட்ட நாலு வார்த்தை பேசிட்டா அவருக்குப் புளிச்ச ஏப்பம் வரும். "பிரபு, குத்தம் இவ விறகுல! ஈர விறகு! ரெண்டு கழுதையா கொண்டுவரச் சொல்றேன்."

"மூணாவே கொண்டாங்க சாமி. ஒண்ணு மிச்சமிருந்தா யாருக்காச்சும் ஆகும்."

சபை சிரிச்சுது. ராசா நடையை நிறுத்தினாரு.

"ஒரே ஒரு நாள் குடுங்க ராசா," காத்தாயி மடமடன்னு சொன்னா. "நாளைக்கு ரசத்துக்கு முன்னாடி அடுப்புலேருந்து ஒரு கங்கு அனுப்புறேன். செவக்கச் செவக்க உங்ககிட்ட வந்துச்சுன்னா எங்க ரெண்டு பேருக்கும் மொட்டை போடுங்க. கருத்து வந்துச்சுன்னா, வழியில அணைச்சது யாருன்னு கேளுங்க."

புதுசா எதைச் சொன்னாலும் ராசாவுக்குப் புடிக்கும். "அனுப்பு!"

மறுநாள் மத்தியானம் பித்தளைத் தட்டுல ஒரு கங்கு கெளம்புச்சு. பின்னாடியே காத்தாயி. நாலு எட்டு வைக்கல, தட்டு நின்னுடுச்சு. அங்க ஏழு பேரு வரிசையா உக்காந்திருந்தாங்க. ராசா சாப்பாட்டுல விஷம் இருக்கான்னு ருசி பாக்குறவங்க. முதல் ஆளு கடமை தவறாம நாக்கை நீட்டினான். அப்புறம் ஒரு வாரம் அவன் பேசவே இல்ல. மத்த ஆறு பேரும் கங்கைப் பாத்து யோசிச்சாங்க, தாடையச் சொறிஞ்சாங்க, "குத்தமில்ல"ன்னு ஒவ்வொருத்தனா தலையாட்டினாங்க. அடுத்தாப்ல சங்கு, மூணு தடவை. அதுக்கடுத்து புலவர். அந்த மனுசன் கங்கு மேலயே எட்டு அடி பாடினாரு. காத்தாயிக்கு உள்ளங்கால் ஊறுச்சு. 'ஐயோ, சீக்கிரம் பாடித் தொலையேன்'னு பல்லைக் கடிச்சா. மறு நிமிசமே, 'வேணாம், நல்லா இழுத்துப் பாடுய்யா'ன்னு நெனச்சுக்கிட்டா.

தட்டு ராசா முன்னாடி வந்துச்சு.

"என்னடி இது, கரித்துண்டு?"

"கெளம்பும்போது நெருப்பு ராசா."

ராசா எந்திரிச்சாரு. தட்டு வந்த வழியிலேயே அடுப்படியைப் பாத்துத் திரும்பி நடந்தாரு. பின்னாடி மொத்த சபையும் ஓடுச்சு.

"பெத்தபெருமாள், எதுக்குய்யா ஏழு பேரு?"

"ஒருத்தனை நம்ப முடியாம ரெண்டாமவன் பிரபு. ரெண்டாமவனை நம்ப முடியாம மூணாமவன்…"

"சங்கு?"

"ருசி பாத்தாச்சுன்னு ஊருக்குச் சாட்சி."

"பாட்டு?"

"சங்கூதுறவன் மூச்சு வாங்குற நேரம் வீணாப் போகுதேன்னு…"

"மொத ஆளை எதுக்கு வச்சீரு?"

"மூணு வருசத்துக்கு முன்னாடி தங்களுக்கு வயித்துவலி வந்துச்சே! விஷமோன்னு பயந்துட்டேன்."

காத்தாயி விடல. "அந்த வயித்துவலி எதனால வந்துச்சு ராசா?"

அரண்மனை வைத்தியர் தொண்டையைச் செருமினாரு. ராசா உத்தரத்தைப் பாத்தாரு. அப்புறம் மெதுவா, "ராணிக்குத் தெரியாம… ஒரு முழுப் பலாப்பழம்."

"அப்போ ஆறு பேருக்கு மொட்டை விழுந்தது பலாப்பழத்துக்கா ராசா?"

ராசா மொகம் செவந்து, உதடு துடிச்சு, கடைசியில பக்குன்னு சிரிச்சுட்டாரு. "ஆறு பேருக்கும் பல்லக்கு அனுப்பிக் கூட்டியாங்க. ஆண்டியப்பா, உனக்கு மொட்டை இல்ல. காத்தாயி, இனிமே என் சாப்பாட்டுக்கு நீதான் விசாரணை. எங்க, ஊத்து ரசத்தை!"

அடுப்படியிலேயே சம்மணம் போட்டு ஒரே மடக்கா உறிஞ்சினாரு.

"ஆ!"

நாக்கு வெந்துபோச்சு. பெத்தபெருமாள் துள்ளிக் குதிச்சாரு. "பாத்தீங்களா பிரபு! ஆபத்து! ரசத்தை ஊதி ஆத்துறதுக்கு உடனே ஆள் போடணும்!"

ராசா நாக்கை வெளிய தொங்கவிட்டபடியே காத்தாயியைப் பாத்தாரு. அவ ஊதாங்குழலை எடுத்து நீட்டினா. அதை வாங்கி ராசா பெத்தபெருமாள் கையில திணிச்சாரு.

"ஊத ஆள் வேணும்தான்யா, அடுப்புக்கு. உக்காரும்."