ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு

காதல் நாவல்கள் எழுதும் மரகதவல்லியிடம் எழுதக் கற்றுக்கொள்ள வந்தவர் தணிகாசலம். குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது.

ஒரு நாள் சீடர் தன் நாவலின் தாள்கட்டைப் பட்டென்று மேசைமேல் போட்டார். கடைசி அத்தியாயம் மேலே இருந்தது.

"என்னங்கய்யா, கோபமா?"

"வீட்டுக்காரி மேலதாம்மா. அவளுக்காகத்தான் எங்க ரெண்டு பேர் கதையை எழுதினதே. படிச்சுட்டு, 'யாரோ ரெண்டு பேரைப் பத்தி எழுதியிருக்கீங்க'ன்னு மூடி வச்சுட்டா. அன்னையிலேர்ந்து நான் அவகிட்டப் பேசறதில்லை."

"சாப்பாடு?"

"அவதான் போடறா. சாப்பிடுவேன். பேச மாட்டேன்."

குரு அந்த அத்தியாயத்தைப் படித்தார். நாயகிக்கு ஆபரேஷன் நடக்கிறது. நாயகன் வெளியே காத்திருக்கிறான். வானம் கறுக்கிறது. இடி இடிக்கிறது. நிலவு மேகத்துக்குள் மறைகிறது.

"உங்க வீட்டம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தப்போ மழையா?"

"நல்ல வெயில்."

"நிலா?"

"பட்டப்பகல்ல ஏதும்மா நிலா? கதைன்னா அதெல்லாம் போட்டாத்தானே? பின்னே மனசுல இருக்கறதை எப்படிக் காட்டறது?"

குரு தாள்களைத் தள்ளி வைத்தார்.

"அன்னிக்கு நீங்க என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்க?"

"ஒண்ணும் செய்யலை. சும்மாதான் இருந்தேன்."

"சும்மான்னா?"

"அவ செருப்பைப் பார்த்துக்கிட்டிருந்தேன். தியேட்டர் வாசல்ல கழட்டிப் போட்டுட்டு உள்ளே போயிட்டா. பெருக்கறவன் வந்து துடைப்பத்தால ஓரமாத் தள்ளினான். நான் எடுத்துப் பழைய இடத்துலயே திருப்பி வச்சேன். மறுபடியும் தள்ளினான். மறுபடியும் வச்சேன். 'பெருசு, உன் செருப்பு ஓடிப் போயிடாது'ன்னு நக்கல் வேற. இன்னிக்கும் அவனைத் தெருவுல பார்த்தா முகத்தைத் திருப்பிக்குவேன்."

"அப்புறம்?"

"டாக்டர் வந்து, 'நல்லா இருக்காங்க, பயப்படாதீங்க'ன்னார். நான் அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன். அவளை ஸ்ட்ரெச்சர்லதான் கொண்டுவந்தாங்க. செருப்புக்கு வேலையே இல்லை. கையில தூக்கிக்கிட்டு வார்டு வரைக்கும் பின்னாலயே போனேன்."

குரு ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"இதை எழுதுங்க."

"காதல் நாவல்ல செருப்பா?" சீடருக்கு முகம் சுண்டிவிட்டது. "இதுல காதல் எங்கேம்மா இருக்கு?"

"செருப்பை எந்தப் பக்கம் பார்த்து வச்சீங்க?"

"வெளியே வர்ற பக்கம். வந்ததும் அப்படியே மாட்டிக்கிட்டு நடந்து..."

தணிகாசலம் நிறுத்திக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். நீளமாக ஒரு மூச்சு விட்டுவிட்டுத் தாளை இழுத்துக்கொண்டார். முதல் வரி உடனே வந்தது. இரண்டாவது வரியில் பேனா நின்றது.

"செருப்பு வார் என்ன நிறம்னு ஞாபகம் வரலையே. நீலமா, பச்சையா?"

"வீட்டுக்குப் போய் அவங்களையே கேளுங்க."