அறுபதாம் கல்யாணப் பந்தியில் தண்ணீர்

பந்தியில் உட்கார்ந்த மனிதன் முதலில் இனிப்பைத் தேடுவான் என்று உலகம் நம்புகிறது. தீர ஆராய்ந்து சொல்கிறேன், இது தவறு. எங்கள் வாலிபத்தில் ஜாங்கிரிக்குச் சண்டையே நடந்தது, உண்மைதான். அதே கூட்டம் காரைக்குடியில் வயிரவனின் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்தபோது நிலைமை வேறு.

ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியான வயிரவன், தங்கை உமையாள் இருபது வருஷமாக வைத்திருந்த மருந்துக் கம்பெனிப் பங்குகளை விற்று மனை வாங்கச் சொல்லி நச்சரித்து வந்தார். இலை போட்ட பிறகும் விடவில்லை.

“பேர் தெரியாத மலிவு மாத்திரை! அதை முழுங்குற ஒருத்தரை இந்தப் பந்தியில காட்டு ஆத்தா, அப்புறம் நான் வாயே திறக்கமாட்டேன்.”

“சரிண்ணே” என்ற உமையாள், பரிமாறுகிறவரிடமிருந்து தண்ணீர்க் கூஜாவை வாங்கிக்கொண்டு சும்மா நின்றாள்.

சோறு வருவதற்குள் பந்தி முழுக்க “தண்ணி, தண்ணி!” என்று கூப்பாடு. எல்லார் கையிலும் மாத்திரை அட்டை. வயிரவன் கையிலும்தான்.

“அட்டையைத் திருப்பிக் கம்பெனி பேரைச் சத்தமாப் படிங்கண்ணே. மாசாமாசம் உங்களுக்கு வாங்கிட்டு வர்றவ நான்தானே?”

படித்தார். அவள் பங்கு வைத்திருந்த கம்பெனி. பந்தியே சிரித்தது.

“நமக்கெல்லாம் இன்னும் வயசாகும்ணே. நான் காத்திருக்கேன்” என்று சொல்லித் தண்ணீரை ஊற்றினாள்.

மனைப் பேச்சு அத்தோடு நின்றது. இப்போதெல்லாம் விருந்துக்குப் போனால், வயிரவன் கைகழுவும் இடத்தில் நின்று மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் பந்திக்கு வருகிறார்.