ஊட்டிவரை போன திருப்புளி

கோவை ரேஸ் கிளப்பில் தலைவர் மாசிலாமணி சொல்வதுதான் சட்டம்.

"கார்புரேட்டர் வண்டிதான் வண்டி. எந்தக் கோளாறையும் இந்த ஒரு திருப்புளியால தீர்ப்பேன். கம்ப்யூட்டர் பெட்ரோல் ஊத்துற இன்ஜெக்‌ஷன் வண்டிக்கெல்லாம் அணியில இடமில்ல அம்மணி."

இன்ஜெக்‌ஷன் வண்டியோடு அணியில் சேர வந்த கல்லூரி மாணவி கோகிலவாணி விடுவாளா? "ஊட்டிவரைக்கும் ஓட்டிப் பாக்கலாமுங்க சார்."

"எனக்கு முன்னாடி போய்ச் சேரு, இடம் தர்றேன்."

"வழியில என் வண்டி நின்னுட்டா? உங்க திருப்புளியைக் குடுங்க சார்."

பெருமை பிடிபடாமல் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

மலை ஏற ஏறக் காற்று மெலிந்தது. இன்ஜெக்‌ஷன் அதை உணர்ந்து தானே பெட்ரோலைக் குறைத்துக்கொண்டது. கார்புரேட்டருக்கு அது தெரியுமா? திருப்புளியால் திருகித்தான் பெட்ரோலைக் குறைக்க வேண்டும். குன்னூரில் மாசிலாமணியின் வண்டி கரும்புகை கக்கித் திணறியது. அவர் கை சட்டைப்பையைத் தடவியது. பை காலி.

ஊட்டிக்கு அவர் வண்டி இருமி இருமி வந்து சேர்ந்தபோது கோகிலவாணி திருப்புளியை நீட்டினாள்.

"இந்தாங்க சார். எனக்குத் தேவையே படல. உங்களுக்கு?"