பாவாயியின் சுமைதாங்கி

“நன்றிகெட்ட சனமுங்க, சாமி!”

வந்த வேகத்தில் செங்கோடன் கும்பிடக்கூட மறந்துவிட்டான். நல்ல சீடன்தான். கோபம் வந்தால் மட்டும் கண்ணுமண்ணு தெரியாது.

சாமி மோர் குடித்துக்கொண்டிருந்தார். “யாரு, என்னப்பா பண்ணுனாங்க?”

“ஒண்ணுமே பண்ணலீங்க. அதுதானுங்க வயித்தெரிச்சல்.”

விஷயம் இதுதான். இவனுடைய அக்கா பாவாயி விறகு சுமந்து பிழைத்தவள். வாயும் வயிறுமாக இருந்தபோதே கண்ணை மூடிவிட்டாள். அப்படிப் போனவள் பேரில் வழியோரம் சுமைதாங்கி நட்டால், அடுத்தவர் அதில் பாரத்தை இறக்கும்போது அவள் பாரமும் இறங்கும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. செங்கோடனும் மேட்டுப் பாதையில் நட்டான். இரண்டு தூண், மேலே ஒரு பலகைக்கல். சுற்றுவட்டாரத்தில் அப்படியொரு கம்பீரமான கல் கிடையாது.

“சந்தைக்குப் போற பொம்பளைங்க அத்தனை பேருக்கும் அதுதானுங்க வழி. ஒருத்தி இறக்கி வெக்கணுமே! நிமிர்ந்து பார்த்துட்டு, பேசாம போறாளுக. எங்கக்கா இன்னும் சுமந்துக்கிட்டே நிக்கிறா, சாமி.”

பாவம், அழுதேவிட்டான்.

சாமி செம்பைக் கீழே வைத்தார். “வா, போய்ப் பார்க்கலாம்.”

செங்கோடன் நெட்டை ஆள். பலகைக்கல் அவன் உச்சந்தலைக்கு நேராக இருந்தது.

“உயரம் யாரு சொன்னது?”

“நானே நின்னு அளவு குடுத்தேனுங்க. அக்கா பேரு தூரத்துல இருந்தே தெரியணுமில்லீங்களா?”

சாமி கல்லைத் தடவிப் பார்த்து, நல்ல வேலைப்பாடு என்றார். அவனுக்கு மனசு கொஞ்சம் ஆறியது.

“உங்கக்காவை நான் பார்த்ததில்லையே. எப்படி இருப்பா?”

“சிரிச்ச முகமுங்க.”

“உன்னாட்டம் உயரமோ?”

“அவளா?” அழுகையிலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. “குள்ளச்சிங்க. என்னைத் திட்டறதுக்கே அண்ணாந்து பார்க்கணும். தலையில விறகுக்கட்டோட வந்து நின்னான்னா, கட்டு இந்தா, இங்கதான் இருக்கும்...”

தோளுக்கு நேரே கையை நீட்டிக் காட்டினான்.

காட்டிய கையைப் பார்த்தான். கல்லைப் பார்த்தான்.

“ஐயோ, அக்கா!”

கை தானாக இறங்கப் போனது. சாமி சட்டென்று பிடித்துக்கொண்டார்.

“இறக்கிடாதே. கல்தச்சர் வர்ற வரைக்கும் அப்படியே வெச்சிரு.”