எழுந்து போன கூட்டம்

முன்னொரு காலத்தில் மருதவேலி நாட்டைக் கோதண்டமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நிலையான புத்தி கிடையாது. காலையில் யானைப் பந்தயம் வை என்பான், மத்தியானம் அதை மறந்துவிட்டுப் பட்டம் கொண்டுவா என்பான்.

அவனுடைய மந்திரி இளந்திரையர். சண்டை போட்டுக்கொண்டு வருபவர்களைத் தனித்தனியே உட்காரவைத்து நாலு வார்த்தை பேசுவார். போகும்போது இருவரும் சிரித்துக்கொண்டே போவார்கள். அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரருக்கு ஒரே ஒரு குறை. கூட்டத்தைக் கண்டால் முழங்கால் ஆடும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இது ஆஸ்தானப் பேச்சாளர் சண்டமாருதருக்குக் கொண்டாட்டம். மந்திரி பதவி மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

ஒருநாள் மந்திரி சபையில் எழுந்தார். "அரசே... பெரிய ஏரிக்கரை... வந்து... கசிகிறது. ஊர் திரண்டு..." அதற்குமேல் குரல் எழும்பவில்லை.

"மந்திரியார் பேச்சும் கசிகிறதே!" என்றார் சண்டமாருதர். சபை கொல்லென்று சிரித்தது.

ராஜாவுக்கு உடனே ஒரு விளையாட்டு தோன்றிவிட்டது. "நாளைக் காலை ஊரைக் கூட்டுங்கள். இருவரும் நம் ஏரியைப் பற்றிப் பேசுங்கள். ஜெயித்தவர் மந்திரி!"

"ஒரு விதி வேண்டும் மன்னா," என்றார் சண்டமாருதர். "யார் பேசும்போது கூட்டம் பாதியில் எழுந்து போகிறதோ, அவர் தோற்றவர்."

"அப்படியே ஆகட்டும்!"

மந்திரி வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார். மனைவி அங்கயற்கண்ணி என்னவென்று கேட்டாள். கரை எப்படி அரித்துப்போயிருக்கிறது, விட்டால் எந்தத் தெரு முதலில் போகும், எப்படி அடைக்கலாம் என்று கடகடவென்று சொல்லி முடித்தார்.

"இப்ப எவ்வளவு தெளிவா சொன்னீங்க! இதையே அங்கேயும் சொல்லுங்களேன்."

"இங்கே நீ ஒருத்திதானே இருக்கே? அங்கே ஊரே இருக்கும்."

"ஊருக்கு ஏதுங்க மூஞ்சி? ஆளுக்குத்தான் மூஞ்சி. ஒரே ஒருத்தரைப் பார்த்து, என்கிட்ட பேசற மாதிரி பேசுங்க. மத்தவங்க தானா காது கொடுப்பாங்க."

மறுநாள் கோட்டை மைதானம் நிரம்பி வழிந்தது. முதலில் சண்டமாருதர் மேடை ஏறினார். ஏரியைப் பாற்கடல் என்றார், வானத்து நிலா முகம் பார்க்கும் கண்ணாடி என்றார், அலைகளை அரம்பையர் நடனம் என்றார். வெயில் உச்சிக்கு ஏறும்வரை பேசினார். கொட்டாவி விட்டவர்கள் உண்டு, மதிலில் சாய்ந்து உறங்கியவர்கள் உண்டு. எழுந்து போனவர் மட்டும் யாரும் இல்லை. ராஜா கைதட்டினான்.

அடுத்து இளந்திரையர். படியேறும்போதே கால் ஆடியது. "மகா... மகா ஜனங்களே..." எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பியது. கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டார். திறந்தபோது, இடுப்பில் பிள்ளையோடு முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கண்ணில் பட்டாள்.

"ஏம்மா, உன் பேர் என்ன?"

"சடைச்சிங்க சாமி."

"வீடு எங்கே?"

"கரையடித் தெருவுங்க. அடுப்படிக்குப் பின்னாலேயே ஏரிக்கரைதான்."

"இன்னைக்குக் காலையில கொல்லைப்பக்கம் போனியா? மண்ணு எப்படி இருந்துச்சு?"

"சொதசொதன்னு கிடந்துச்சுங்க. மழையே பெய்யலை, தண்ணி மட்டும் ஊறி ஓடுது."

"தெளிஞ்ச தண்ணியா, கலங்கலா?"

"செம்மண் கலங்கலுங்க."

தூங்கினவர்களும் நிமிர்ந்தார்கள். மந்திரியின் கால் ஆட்டம் எப்போது நின்றதென்று அவருக்கே தெரியவில்லை.

"தெளிஞ்ச தண்ணி வந்தா வெறும் கசிவு. கலங்கி வந்தா கரை உள்ளுக்குள்ள கரைஞ்சு போகுதுன்னு அர்த்தம். சடைச்சி வீட்டுக்கு அடுத்தது யார் வீடு? அதுக்கும் அடுத்தது? இன்னைக்கே அடைச்சா ஊர் பிழைக்கும். மண்வெட்டி வச்சிருக்கிறவங்க மதகுக்கு வாங்க. கூடை இருக்கிறவங்க செம்மண் மேட்டுக்குப் போங்க. பிள்ளைக்காரங்க கோயில் மேட்டுல..."

அவர் முடிக்கவில்லை. மைதானமே எழுந்தது. துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் புழுதிதான் மிச்சம்.

"பார்த்தீர்களா மன்னா!" சண்டமாருதர் துள்ளினார். "பாதிப் பேச்சில் ஒருவர் மிச்சமில்லாமல் போய்விட்டார்கள்!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். "தோற்றீர் மந்திரியாரே!"

இளந்திரையர் முத்திரை மோதிரத்தைக் கழற்றி அவன் முன்னே வைத்தார். குரலில் துளி நடுக்கம் இல்லை. "தோற்றேன் அரசே. அவர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று நான் பேசவில்லை. எழுந்து போக வேண்டும் என்றுதான் பேசினேன். எங்கே போகிறார்கள் என்று மட்டும் பாருங்கள்."

ராஜா கோட்டை மதில்மேல் ஏறிப் பார்த்தான். கரை நெடுக எறும்புச் சாரையாய் ஜனம். கூடை கைமாறிப் போய்க்கொண்டிருந்தது. அவன் சிரிப்பு நின்றது. கிரீடத்தைக் கழற்றிக் காவலன் கையில் கொடுத்துவிட்டு அவனும் கரைக்கு இறங்கினான்.

பொழுது சாய்வதற்குள் கசிவு நின்றது. சேறு படிந்த காலோடு ராஜா சடைச்சியைக் கூப்பிட்டான். "அம்மா, காலையில் சண்டமாருதர் பேசினாரே, எப்படி?"

"ரொம்ப நல்லாப் பேசினாருங்க!"

"என்ன பேசினார்?"

சடைச்சி யோசித்தாள். பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு மறுபடி யோசித்தாள். "அதுதாங்க தெரியலை."

ராஜா மோதிரத்தைத் தன் கையாலேயே மந்திரியின் விரலில் போட்டான். "பத்து வருஷமாகச் சபையில் பேச்சுக் கேட்கிறேன் மந்திரியாரே. இன்றைக்குத்தான் ஒரு பேச்சைக் கண்ணால் பார்த்தேன்."

பிறகு, கரையோரம் ஒதுங்கி நின்ற சண்டமாருதர் பக்கம் திரும்பினான். அவர் பட்டு அங்கவஸ்திரத்தில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. "பேச்சாளரே, உமது பாற்கடலின் கரையை இன்னும் பத்தடி உயர்த்த வேண்டியிருக்கிறது" என்று சொல்லி, ஒரு காலிக்கூடையை அவர் கையில் கொடுத்தான்.