பதினோரு கம்பளிப் பொம்மைகள்

வெகு வெகு காலத்துக்கு முன்னால், மேகம் கேட்காமல் கொள்ளாமல் வீட்டுக்குள் நுழைந்து, அடுப்போரம் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகிற மலைநாடு ஒன்று இருந்தது. அந்த நாட்டில் கூதலூர் என்று ஓர் ஊர். மொத்தம் நாற்பது வீடு. எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் முதலில் ஆள் ஓடுவது சடைச்சி வீட்டுக்குத்தான்.

சடைச்சி கைவேலைக்காரி. தூளிக்கு ஓரம் அடிப்பாள். பழைய சேலைகளைக் கிழித்து ஒட்டுப்போட்டு மெத்தென்று விரிப்புத் தைப்பாள். பிஞ்சுத் தலை உருண்டையாக அமைய கடுகு நிரப்பிய சின்னத் தலையணை தைத்துக் கொடுப்பாள். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு மூங்கில் ஊசிகளை வைத்துக்கொண்டு கம்பளி நூலில் குல்லாயும் காலுறையும் சட்டையும் பின்னுவாள். வளையம் வளையமாகக் கண்ணி போட்டுப் பின்னும்போது வாய்க்குள் முணுமுணுப்பாள்: "ஒரு கண்ணி முன்னே, ஒரு கண்ணி பின்னே, கண்ணே நீ என் முன்னே."

அவளுக்கும் ஒரு பெண் குழந்தை இருந்தது. பெயர் தும்பை. நான்கு மாதம். புருஷன் காத்தமுத்து ஆடு மேய்ப்பவன். அதிகம் பேசாத மனிதன்.

அந்த வருஷம் ஆடுகளுக்கு நோய் வந்து நூல் கிடைக்கவில்லை. குளிரோ எலும்பைத் துளைத்தது. தும்பையையும் சேர்த்து ஊரில் பதினோரு கைக்குழந்தைகள். என்ன செய்வதென்று சடைச்சி தவித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பகலில் நூல் மூட்டையோடு ஒரு ஆள் வாசலில் வந்து நின்றான். நரைத்த தலை, நரைத்த புருவம், நரைத்த கண். கழுத்தில் ஒரு வெள்ளைத் துண்டு.

"நூல் வேணுமா பொண்ணே?"

"வேணும்தான் ஐயா. குடுக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல."

"ஒண்ணும் வேண்டாம். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. உங்க ஊர்ப் பிள்ளைங்க போட்டுக்கிட்டா அதுவே போதும்."

சடைச்சி நூலைத் தொட்டுப் பார்த்தாள். அப்படி ஒரு மென்மையை அவள் கை அறிந்ததில்லை. ஆனால் எவ்வளவு நேரம் கைக்குள் வைத்திருந்தாலும் அது சூடேறவில்லை. பின்னப் பின்ன விரல் மரத்தது. குளிர்காலம்தானே என்று அதைத் தள்ளிவிட்டாள். பதினோரு குழந்தைகளுக்கும் சட்டை பின்னினாள். ஒவ்வொரு தாயும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

முதல் வாரம் குழந்தைகள் அழவே இல்லை. தாய்மார்களுக்குச் சந்தோஷம். இரண்டாம் வாரம் கன்னம் வற்றியது, கை கால் கனம் குறைந்தது. சட்டையைக் கழற்றப் பார்த்தார்கள், கழற்ற வரவில்லை. மூன்றாம் வாரம் பதினோரு தூளிகளில் பதினோரு கம்பளிப் பொம்மைகள் கிடந்தன. நூல் கை, நூல் கால், நூல் முகம்.

அன்றைக்கு நடுப்பகலில் அந்த நரைத்த ஆள் மறுபடி வந்தான். ஊர் நடுவில் ஒரு சாக்கை விரித்து, ஒரு சீழ்க்கை அடித்தான். பொம்மைகள் தூளியை விட்டு இறங்கி, தரையில் உருண்டு உருண்டு போய்ச் சாக்குக்குள் விழுந்தன. தடுக்கப் போனவர்களின் கால் மண்ணோடு உறைந்து நின்றது. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மலையேறிப் போனான். அதற்குப் பிறகுதான், அவன் நரையன் என்ற மந்திரவாதி என்பதும் உச்சிமலையில் அவனுக்கு ஒரு கல்மனை இருப்பதும் தெரிந்தது. அரசன் வீரர்களை அனுப்பினான். போனவர்கள் மனை வாசலைத் தாண்ட முடியாமல் விறைத்துத் திரும்பினார்கள்.

சடைச்சிக்கு ஊரில் கதவுகள் மூடின. தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். வடிவு என்றொருத்தி இருந்தாள்; ஒன்பது வருஷம் தவமிருந்து ஒரு பிள்ளை பெற்றவள். அவள் மட்டும் நகராமல் நின்றாள்.

"நீதான பின்னுன?" என்று கேட்டாள்.

"நான்தான்க்கா."

வடிவு அவள் முகத்தில் துப்பிவிட்டுப் போனாள். சடைச்சி துடைத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து மூங்கில் ஊசிகளை எடுத்து மடியில் செருகினாள். தையல் ஊசியையும் நூலையும் எடுத்தாள். போர்வையைச் சுற்றிக்கொண்டாள். காத்தமுத்து காலித் தூளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"நான் மேல போறேங்க."

"வீரனுங்களே திரும்பிட்டாங்க."

"அவங்களால அவனுக்கு ஆக வேண்டியது ஒண்ணுமில்ல. எனக்கு வேல தெரியும். எதுக்காக இதைச் செஞ்சானோ, அதுக்குப் பின்னத் தெரிஞ்ச ஒரு கை வேணும்."

காத்தமுத்து தூளிக் கயிற்றைப் பிடித்தான். "போயிட்டு வா. நான் இத ஆட்டிக்கிட்டே இருக்கேன். புள்ள வந்தா எடம் தெரியணும்ல."

சடைச்சி ஏறினாள். முதல் மலை ஏறினாள், மரம் எல்லாம் உறைந்திருந்தது. இரண்டாம் மலை ஏறினாள், ஓடை எல்லாம் உறைந்திருந்தது. மூன்றாம் மலை ஏறினாள், காற்றே உறைந்திருந்தது. அங்கே கல்மனையின் வாசலில் ஒரு பெண் ஆடு கட்டிக் கிடந்தது. தோல் தெரிய மயிர் ஒட்டச் சிரைக்கப்பட்டிருந்தது. பல் அடிக்க நடுங்கிக்கொண்டிருந்தது.

அதைத் தாண்டிப் போகச் சடைச்சியால் முடியவில்லை. தன் போர்வையை எடுத்து ஆட்டின்மேல் போட்டாள். காற்றில் விழுந்துவிடுமே என்று வயிற்றுக்குக் கீழே இழுத்து நான்கு தையல் போட்டு முடிந்தாள்.

ஆடு பேசியது. "தாயி, உனக்கு முன்னால ஒருத்தி இங்க இருந்தா. என் மூணு குட்டிக்கும் அவதான் சட்டை பின்னுனா. மூணும் பொம்மையாச்சு. ரெண்ட அவன் கடைசிக் கண்ணியிலருந்து இழுத்தான், சரசரன்னு வந்திருச்சு. அந்த நூல அவ துண்டாப் பின்னிக் குடுத்தா, அதான் அவன் கழுத்துல கெடக்கு. அந்தக் குட்டிங்க இனி வராது."

"மூணாவது?"

"அத அவ அவனுக்குத் தெரியாம முதல் கண்ணியிலருந்து பிரிச்சா. குட்டி கீழ காட்டுல, அது பொறந்த எடத்துலயே உசுரோட எழுந்து கத்துச்சு, எனக்குக் கேட்டுச்சு. உசுரு திரும்பணும்னா பின்னுனவதான் பிரிக்கணும், முதல் கண்ணியிலருந்து பிரிக்கணும். ஆனா ஒரு உசுருக்கு ஒரு விரல் பஞ்சாயிரும். ஒரு விரல் போனதும் அவ பயந்து ஓடிட்டா."

சடைச்சி தன் கைகளைப் பார்த்தாள். குழந்தைகள் பதினொன்று. விரல்கள் பத்து.

மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கதவைத் தள்ளினாள். அது திறந்தது.

உள்ளே நரையன் ஏழு கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்படியும் நடுங்கினான். அவளைப் பார்த்ததும் சிரித்தான்.

"வருவேன்னு தெரியும். எனக்கு நூல் நூற்கத் தெரியும், ஒரு கண்ணிகூடப் போடத் தெரியாது. இந்தப் பதினோரு பொம்மையையும் பிரிச்சு எனக்கு ஒரு போர்வை பின்னு. பிஞ்சு உசுரோட சூடு அது. அதப் போர்த்துனா ஆயிரம் வருஷத்துக்கு எனக்குக் குளிராது, சாவும் வராது."

"பின்னித் தரேன் ஐயா. மொதல்ல எல்லாத்தையும் பிரிக்கணும். பிரிச்சு முடிச்சுதான் பின்ன முடியும்."

சாக்கைக் கொட்டினான். முதலில் வந்து விழுந்தது தும்பை. தாய்க்குத் தெரியாதா? நெற்றிச் சுழி நூலிலும் அப்படியே இருந்தது. சடைச்சி அவளை எடுத்தாள். மூங்கில் ஊசியை முதல் கண்ணியில் வைத்தாள். கை அங்கேயே நின்றது.

ஊரில் பத்துப் பேர் என்னை நம்பித்தான் பிள்ளைக்குப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தாள். வடிவின் முகம் வந்தது. ஒன்பது வருஷம். மகளைக் குவியலின் அடியில் வைத்துவிட்டு, வடிவின் மகனை எடுத்தாள்.

பின்னலைக் கடைசிக் கண்ணியிலிருந்து இழுத்தால் மளமளவென்று பிரிந்துவிடும். முதல் கண்ணியிலிருந்து பிரிப்பது அப்படியல்ல. ஒவ்வொரு கண்ணியையும் ஊசியால் நெம்பி, நூலை அதற்குள்ளிருந்து இழுத்து வெளியே எடுக்க வேண்டும். கை வலிக்கும், கண் வலிக்கும். ஒரு கண்ணி விட்டது, ஒரு மூச்சு வந்தது. ஒரு கண்ணி விட்டது, ஒரு மூச்சு வந்தது. கடைசிக் கண்ணி விட்டபோது அவள் வலது சுண்டு விரல் வெள்ளைப் பஞ்சாகத் துவண்டது. அதே நேரத்தில், மூன்று மலைக்குக் கீழே, வடிவின் வீட்டுத் தூளியில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அது சடைச்சிக்குக் கேட்கவில்லை. ஆட்டின் பேச்சை நம்பிக்கொண்டு அடுத்த பொம்மையை எடுத்தாள்.

முதல் நாள் நான்கு பொம்மை பிரித்தாள். நரையன் கேட்டான்: "ஏன் இத்தனை மெதுவா?"

"அவசரப்பட்டா சிக்கு விழும் ஐயா."

இரண்டாம் நாள் மூன்று பிரித்தாள். நரையன் கேட்டான்: "ஏன் எனக்கு முன்னவிட அதிகமாக் குளிருது?"

"இன்னும் போர்வை ஆகலையே ஐயா."

மூன்றாம் நாள் இரண்டு கட்டைவிரல்களும் இடது சுட்டுவிரலும்தான் மிச்சம். அவற்றைக் கொண்டு மூன்று பிரித்தாள். ஊசி பிடிக்க முடியாமல் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டாள். பத்தாவது குழந்தையின் கடைசிக் கண்ணி விட்டதும் கடைசி விரலும் துவண்டது. கையில் பத்துப் பஞ்சுத் திரிகள் தொங்கின. தும்பை ஒருத்திதான் பாக்கி.

நரையன் மூன்றாம் முறை கேட்டான்: "எங்கே, அந்த உருண்டையைக் காட்டு." நூல் உருண்டையைக் கையில் எடுத்தான். அது பனிக்கட்டி மாதிரி இருந்தது. அதில் ஒரு உயிரின் சூடும் இல்லை.

அவன் எழுந்தான். குளிரில் மூட்டுகள் பிடித்துப்போய் மெல்லத்தான் எழ முடிந்தது. "என்ன செஞ்ச?"

சடைச்சி தரையில் கவிழ்ந்து படுத்தாள். மகளை முழங்கைகளால் அணைத்துக்கொண்டு, முதல் கண்ணியைப் பல்லால் கவ்வினாள். இழுத்தாள். ஒரு கண்ணி விட்டது, ஒரு மூச்சு வந்தது. நரையன் ஒரு அடி வைத்தான். மகளின் பாதம் முடிந்தது, முட்டி முடிந்தது. அடுத்த அடி வைத்தான். வயிறு முடிந்தது, நெஞ்சு முடிந்தது. அவள் உதடு மரத்தது, நாக்கு மரத்தது. வாயெல்லாம் பஞ்சு அடைப்பதுபோல இருந்தது. நரையன் குனிந்து அவள் கூந்தலைப் பிடித்தான். நெற்றிச் சுழியில் கடைசியாக ஒரு கண்ணி இருந்தது. தலையை அவன் பின்னால் இழுத்தான்; அவன் இழுத்த இழுப்பிலேயே அந்தக் கண்ணியும் அவிழ்ந்து வந்தது.

அவன் களவாடி வைத்திருந்த கடைசிச் சூடும் போனது; பிடி தளர்ந்தது. சடைச்சி திரும்பிப் பார்த்தபோது ஏழு கம்பளிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் குவிந்து கிடந்தன. உள்ளே யாரும் இல்லை.

வெளியே உறைந்திருந்த ஓடையில் தண்ணீர் நகரும் சத்தம் கேட்டது. சடைச்சி தன் கையைப் பார்த்தாள். பத்து விரலும் பஞ்சாகத்தான் இருந்தன. நரையன் போனான், அவள் கொடுத்தது திரும்பவில்லை. அழ வாய் வரவில்லை. ஆடு கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு உள்ளே வந்து, அவளை முட்டி எழுப்பி, கீழே அழைத்துக்கொண்டு போனது.

ஊர் எல்லையில் காத்தமுத்து தும்பையோடு நின்றான். பத்துத் தாய்மார்களும் பத்துக் குழந்தைகளோடு நின்றார்கள். சடைச்சி மகளைப் பார்த்துக் கையை நீட்டினாள். வாங்கிக்கொள்ள முடியவில்லை. நீட்டிய கை அப்படியே தொங்கியது.

ஆடு சொன்னது: "உங்க புள்ளைக்கு ஒரு விரல், உங்க புள்ளைக்கு ஒரு விரல். பத்துப் பேருக்கும் குடுத்துட்டு, தன் புள்ளைய வாயால மீட்டா. அவ புள்ளைதான் கடைசி." அதோடு ஆட்டின் பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் அது மற்ற ஆடுகளைப் போலக் கத்தியதோடு சரி.

வடிவு முன்னால் வந்தாள். மகனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சடைச்சியின் வலது சுண்டு விரலைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடினாள். மூடிய கைக்குள் ஊதினாள். அடுத்தவள் வந்து மோதிர விரலைப் பிடித்தாள். அடுத்தவள், அடுத்தவள் என்று பத்துப் பேரும் வந்தார்கள். பத்துத் தாய்மார்களும் பத்து விரலைப் பிடித்துக்கொண்டு, பனி விலகி வெயில் ஏறும்வரை அந்தப் பாதையிலேயே நின்றார்கள். வெயில் ஏறியபோது வடிவின் கைக்குள் ஏதோ அசைந்தது. அவள் திறந்து பார்த்தாள். நகம் இருந்தது. நகத்துக்குக் கீழே இரத்தம் ஓடியது. ஒவ்வொரு விரலாகத் திரும்பியது.

காத்தமுத்து குழந்தையை அவள் முகத்தருகே பிடித்தான். தும்பை தாயின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள், கைக்குழந்தைகள் செய்வார்களே, அப்படி. சடைச்சியின் நாக்கு கரைந்தது. "தும்பை" என்றாள். பிறகு உட்கார்ந்து அழுதாள்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் சடைச்சி பின்னல் ஊசியைத் தொடவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. அடுத்த குளிர்காலத்தில் வடிவு மறுபடி வயிறு பெருத்து வந்து நின்றாள். கையில் ஒரு நூல் உருண்டை.

"ஒரு குல்லாய் பின்னிக் குடு."

"நானாக்கா?"

"பின்ன யாரு? இந்த ஊர்ல வேற யாரை நம்பி நான் போடுவேன்?"

சடைச்சி உள்ளே போய் ஊசிகளைத் தேடி எடுத்து வந்தாள். வடிவு பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முதல் கண்ணி போட்டு முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

வடிவுக்கு அந்த முறை இரட்டைக் குழந்தை. இரண்டாவது குல்லாய்க்கு நூல் இல்லாமல் சடைச்சி ஊரெல்லாம் அலைந்துவிட்டு வந்தாள். வாசலில் அந்த ஆடு, ஒரு வருஷத்து மயிர் அடர்ந்து, கத்தரிக்கோல் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் தானாக வந்து நின்றுகொண்டிருந்தது.